வெயிலுக்கு ஒரு சத்தம்

மழை பெய்தது ஆஸ்பத்திரிக்கு உள்ளே. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர் கோயமுத்தூரில் பேர்பெற்ற நரம்பு டாக்டர். காத்திருப்பவர்கள் மனம் அமைதியாக இருக்கட்டும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, சுவரில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டி, மழைச் சத்தம் போட ஏற்பாடு செய்திருந்தார். தொண்ணூற்றெட்டாம் வருடத்தில் அது பெரிய நாகரிகம். சத்தம் வந்ததுதான் தாமதம், பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த மாசாணியம்மாள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, களத்துல பருப்பு கெடக்குது... தார்ப்பாயி எங்க அம்மணி..."

வெள்ளகோவிலில் தேங்காய்க் களத்தில் கூலி வேலை அவளுக்கு. உடைத்துக் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பில் ஒரு தூறல் விழுந்தாலும் பூசணம் பிடித்துவிடும். அவளுக்கு மழை என்றால் ஓட்டம்தான். தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது என்று வைத்தியத்துக்கு வந்தவள், அன்றைக்கும் ஓடினாள். வாசற்படியில் கால் இடறி விழுந்தாள். பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மகள் பொற்கொடி சிரிக்கவில்லை. அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவனிடம் நேராகப் போனாள்.

"ஏனுங்க, இந்த மழைய நீங்கதான் பெய்ய உட்டீங்களா?"

"ஆமாங்க... மனசுக்கு எதமா இருக்கும்னு..."

"யாரு மனசுக்குங்க? மொதல்ல நிறுத்துங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் நிறுத்த மறந்துபோனான். கோபத்தில் நீர் கோத்து, ஆனாலும் ஒரு சொட்டுகூடக் கீழே விடாமல் பிடிவாதமாக நின்ற அந்த இரண்டு கண்கள்... அவன் பார்வையில் மன்னிப்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த வேறொன்றுதான் பொற்கொடிக்கு எரிச்சலூட்டியது. எரிச்சல் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டாள், பாவம்.

அவன் பெயர் ஆல்வின். கம்ப்யூட்டர் விற்ற கடையில் வேலை, அதைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்தான். பஞ்சும் மருந்தும் வாங்கி வந்து மாசாணியம்மாளின் முழங்காலருகே குந்தி உட்கார்ந்தான்.

"மழைன்னா எல்லாத்துக்கும் புடிக்கும்னு நெனச்சுப்போட்டேனுங்க."

"உங்களுக்குக் கொடை புடிக்க ஆளிருக்கும், புடிக்கும்," என்றாள் பொற்கொடி.

"சரிங்க. அம்மாவுக்கு எந்தச் சத்தம் கேட்டாத் தூக்கம் வரும்?"

கேலியாகப் பதில் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அவன் நிஜமாகவே கேட்டான். யோசித்தாள்.

"வெயில் சத்தம்."

"வெயிலுக்கு ஏதுங்க சத்தம்?"

"களத்துல நின்னு பாருங்க, தெரியும்."

பொற்கொடி வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறவள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அடுத்த வாரமே பூத்து போன் அடித்தது. கூப்பிட்டவன் ஆல்வின், போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்திருந்தான்.

"இது புறாவுங்களா?"

"சளி புடிச்ச புறாவாட்ட இருக்குது."

"இப்ப?"

"இப்ப கோழிங்க."

"காத்துங்க?"

"லாரிக்குக் காத்துப் புடிக்கறாங்க போல."

அவன் சிரிப்பான். அவளும் சிரித்துவிட்டு, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து முகத்தை இறுக்கிக்கொள்வாள். களத்துப் புறா கூவுவது, தென்னோலை உரசுவது, பருப்பைக் கிளறிவிடும் பலகை சிமெண்டுத் தரையில் இழுபடுவது, காய்ந்த கொட்டாங்கச்சிகள் ஒன்றோடொன்று மோதுவது... ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல, அவன் கம்ப்யூட்டரில் கூட்டிக் குறைத்து உண்டாக்கினான். ஒரே புறா ஒரே மாதிரி கூவினால் பொய் என்று மனசு கண்டுபிடித்துவிடுமாம். அதனால் எப்போது கூவ வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கே விட்டுவிட்டானாம். அந்தப் புறா எப்போது கூவும் என்று இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புறாவுக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்பீக்கரில் வெயில் அடித்தது. மாசாணியம்மாள் ஐந்து நிமிடம் கேட்டாள், சுவரில் தலை சாய்த்தாள், வாய் பிளந்து தூங்கிப்போனாள். பேர் கூப்பிட்டும் எழவில்லை.

"உங்களுக்கு எந்தச் சத்தங்க புடிக்கும்?" என்றான் ஆல்வின், மெதுவாக.

போன் மணி... என்று சொல்ல வந்தவள், குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"நம்ம விஷயத்த ஊட்டுல பேசறேன். எங்க தாத்தாவும் கிணத்துக்கடவுல பண்ணையத்துக் கூலிதானுங்க. அப்பா தட்ட மாட்டாரு," என்றான். அவள் நம்பினாள். ஆசைப்பட்டவள் வேறென்ன செய்வாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, ஆல்வினும் அவன் அப்பா தங்கராஜும் வாடகைக் காரில் வந்தார்கள். சொல்லாமல் வந்தார்கள். பொற்கொடி அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு களத்துக்குள் நுழையும்போது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் பருப்புக்கு நடுவில் நின்றிருந்தார். தலையில் துண்டைக் கட்டிப் பலகையும் கையுமாக எதிரே அம்மா.

"களத்துக்காரம்மாவக் கூப்பிடும்மா. பொண்ணு விஷயமா வந்திருக்கோம்."

"ஓனரு ஊட்டுல பொண்ணு இல்லீங்களே..." என்றவள், பின்னால் நின்ற ஆல்வினைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்தது. "அட, கம்ப்யூட்டர் தம்பி. வா கண்ணு."

தங்கராஜ் திரும்பி மகனைப் பார்த்தார். "யாருடா இவங்க? உனக்குத் தெரியுமா?"

ஆல்வின் பொற்கொடியைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரில பாத்திருக்கேம்ப்பா. பேஷண்ட்டு."

மாசாணியம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு கணம்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"ஆமாங்க, பேஷண்ட்டுதானுங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, எளநி வெட்டட்டுங்களா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

மறுநாளே ஆல்வின் பூத்துக்கு வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பொற்கொடிக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தின் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

"உங்களுக்குச் சொந்தக் களம்னு அப்பாகிட்டச் சொல்லிப்போட்டேன். கூலி வேலைன்னாலே அவருக்கு ஆகாது. தாத்தா பட்டது போதும்பாரு. மொதல்ல உங்க ஊட்டுக்குத்தான் போலாம்னேன், அவரு களத்தப் பாக்கோணும்னு நின்னுட்டாரு. பேசி முடிச்சுட்டு மெல்லச் சொல்லிக்கலாம்னு இருந்தேனுங்க... உங்கமேல உசிரா இருக்கேன், பொற்கொடி. அது பொய்யில்ல."

"தெரியுமுங்க."

"இன்னைக்கே அப்பாகிட்ட உண்மையச் சொல்லிப்போடறேன்."

"சொல்லுவீங்க. அவரு ஒத்துக்கவுஞ் செய்யலாம். நேத்து எங்கம்மா என்ன சொன்னா தெரியுங்களா? 'அந்தத் தம்பி மேல தப்பில்ல கண்ணு, நாந்தான் அழுக்குச் சீலையோட நின்னுபோட்டேன்'னா. சொல்லிட்டுச் சோறு திங்காமப் படுத்துக்கிட்டா."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்... அந்த முகத்தைத் தொட வேண்டும் போல அவளுக்குக் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க, மனசுல வெச்சுக்கிட்டு இருக்க முடியல. உங்கள எனக்கு அத்தன புடிக்கும். நேத்துக் களத்துல நீங்க தரையப் பாத்தீங்களே, அப்பவும் புடிச்சுது. இப்பவும் புடிக்குது. நீங்க இன்னொருக்கா வந்து கூப்பிட்டா, எங்கம்மா படுத்துக் கெடந்தத மறந்துபோட்டு உங்க பின்னால வந்துருவேன். என்மேல எனக்கே நம்பிக்கை இல்லீங்க. அதனால... போங்க."

யாரையும் போயிட்டு வாங்க என்றே அனுப்பிப் பழகிய ஊர் அது. பொற்கொடி அந்த 'வாங்க'வைச் சொல்லவில்லை.