கடைசிப் பக்கத்தை ஒட்டும் முன்

சளி பிடித்த மறுநாள்தான் அவர் அதைக் கவனித்தார். மகள் பேசினால் பிடரி சூடாகிறது. காய்ச்சல் என்று சொல்லவும் முடியாது, தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மட்டும், யாரோ வெந்நீர்ப் பையை வைத்து அழுத்துவது போல ஒரு சூடு. அவள் வாயை மூடினால் தணிந்தது, திறந்தால் ஏறியது. அவளோ எட்டு வயது வாலு. வீட்டில் கூப்பிடும் பெயரே அதுதான். தூங்கினால்தான் அந்த வாய் மூடும்.

ஆறு மாதத்துக்கு முன் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆளையே உலுக்கிப் போட்டிருந்தது. பிழைத்ததே மறுபிறவி என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களில் மகளின் குரல் விடாமல் கேட்டது. சுவருக்குள்ளிருந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து, மூக்கில் செருகிய குழாயிலிருந்துகூட. அப்பா, கதவத் திற. ஒவ்வொரு முறையும் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கப் பார்ப்பார். குழந்தைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள் என்று யார் சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் ஒரு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

“அது உங்க பொண்ணு இல்ல சார். காய்ச்சல். பதில் சொல்லாதீங்க, தானா போயிரும்.”

சொல்லவில்லை. போய்விட்டது. அந்த ஒரு பாடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

மூளைக்கும் காவல்காரர்கள் உண்டு என்று டாக்டர் விளக்கியிருந்தார். பெரிய திருட்டு நடந்த வீட்டில் காவல்காரனுக்குத் தூக்கம் வராதாம். அப்புறம் ஒரு சின்னச் சளி வந்தாலும் தடியோடு எழுந்துவிடுவான், அடி விழுவது திருடன் மேலா வீட்டுக்காரன் மேலா என்று பார்க்கமாட்டான். ஞாபகம் போகலாம், நிதானம் தப்பலாம், லேசாகத் தும்மினாலும் நேரே வந்துவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். அவர் போகவில்லை. போனால் விடுப்பு எழுதுவார்கள். விடுப்பு கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும்.

அவர் வேலை பூச்சி ஒழிப்பு. மரத்தைத் துளைக்கும் வண்டு புகுந்த அறையைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூடி, வாயு மாத்திரை வைத்துவிட்டு வருவது. இருபது வருஷம் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். நோய்க்குப் பிறகு மேனேஜர் அவரைக் கிடங்கில் பிளாஸ்டிக் விரிப்பு மடிக்க விட்டிருந்தார். கூட வேலை செய்த பையன்கள் இஸ்திரிக்கடை அண்ணே என்று கிண்டல் செய்தார்கள். அவருக்கு வலிக்கவில்லை. அதுதான் விஷயமே. வந்ததிலிருந்து எதுவும் வலிக்கவில்லை. ஒருநாள் மனைவி தோளில் சாய்ந்து அழுதபோது, சட்டை நனைகிறது என்று மட்டும் பட்டது.

கைக்காவது தொழில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்காகவே யாருக்கும் தெரியாமல் கிடங்கிலிருந்து மாத்திரைக் குப்பியையும் முகமூடியையும் கொண்டுவந்திருந்தார். பின்னறையில் பழைய மர பீரோ ஒன்று உண்டு. அதன் காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.

அன்று மதியம் மழை மூட்டம். சளி மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்தபோது கூடம் இருட்டிக் கிடந்தது. மனைவி ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருந்தாள், வாலு பள்ளிக்கூடத்தில். ஃப்ரிட்ஜின் உறுமலும், தகரத்தில் சொட்டும் நீரும், ஈரத்துணியின் புளித்த வாடையும் தவிர வீட்டில் வேறெதுவும் இல்லை. பின்னறைக் கட்டிலில் போர்வைகள் குவிந்து கிடந்தன. அதை மடிக்க யாருக்கு நேரம் என்று விட்டுவிட்டார். ஜன்னலை அடைத்தார், பீரோவுக்குப் பின்னால் தட்டில் மாத்திரைகளைப் பரப்பினார். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டார். மேல்பக்கம் ஒட்டினார், வலது, இடது. கை ஒரு சுருக்கம் விழாமல் ஓடியது. பரவாயில்லையே என்று நினைத்தார், ஆனால் சந்தோஷம் வரவில்லை.

கடைசிப் பக்கத்தை ஒட்டும் முன் குரல் கொடுக்க வேண்டும். அது தொழில் விதி. பூட்டிக் கிடந்த வீடானாலும், உள்ளே ஈ காக்கை இல்லை என்று உரிமையாளரே சத்தியம் செய்தாலும், கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருபது வருஷத்தில் அவர் ஒருநாளும் அதை விட்டதில்லை. இன்றும் விடவில்லை.

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

மழை.

“அப்பா.”

பிடரி கொதித்தது.

தூக்கம் கலையாத குரல். கிட்டத்தில், போர்வைக்குள்ளிருந்து வருவது போல. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் சொல்லாதீங்க. தானா போயிரும். குனிந்து, கதவின் அடிப்பக்கம் டேப்பை இழுத்து ஒட்டினார்.

“அப்பா, கதவத் திற.”

அதே வார்த்தை. அப்படியே ஆஸ்பத்திரியில் கேட்ட வார்த்தை. அவருக்கு நிம்மதிகூட வந்தது. காய்ச்சல்தான்.

பிறகு அது இருமியது.

ஆஸ்பத்திரியில் இருமியதில்லை. கதவைத் தட்டியதும் இல்லை. இப்போது தட்டியது, கீழ்ப்பலகையில், சின்னக் கையால். எங்கோ வெகு தூரத்தில் பயம் ஒன்று எழுந்து நின்றது, பக்கத்தில் வரமாட்டேன் என்றது. அவர் மனைவிக்குப் போன் போட்டார். பாப்பா எங்கே என்று கேட்டார்.

“என்னங்க கேக்குறீங்க? இன்னைக்கு அரைநாள்தான் ஸ்கூலு. காலையில ரெண்டு தடவ சொன்னேனே. பக்கத்து வீட்டக்கா கூட்டிட்டு வந்து விட்டுட்டாங்களாம். நீங்க தூங்குறீங்கன்னு பின்னறையில படுத்துக்குறேன்னு அவங்க போன்ல சொன்னா.”

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது என்பதும் புரிந்தது.

“சரி” என்றார்.

திறக்க வேண்டும். அதற்கும் விதி உண்டு. உள்ளே ஆள் இருந்தால் முதலில் என்ன, அடுத்து என்ன, புதுப் பையன்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தது. தேடினார். அந்த இடம் காலி. துடைத்து வைத்த தட்டு. மூடும் வேலை முழுவதும் விரல்களில் இருந்தது. திறக்கும் வேலை இல்லை. தாழ்ப்பாளைப் பார்த்தார். அது என்ன என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

“ஏங்க, அவ என்ன பண்றா? போன அவகிட்ட குடுங்க.”

அவர் மண்டியிட்டு, போனைக் கதவருகே நீட்டினார்.

வாலு, வாலு என்றது போன். உள்ளே இருமல். அடிப்பக்கத்து டேப்பில் ஒரு புடைப்பு எழுந்தது, விரல்நுனி அளவுக்கு. பசை லேசாக விட்டது. மாத்திரை வாயுவின் பூண்டு வாடை கசிந்தது.

ஓரம் பிரியக்கூடாது. கைக்கு அது தெரியும்.

கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். புடைப்பு கொஞ்சம் தள்ளி எழுந்தது. தேய்த்தார். இன்னும் தள்ளி, இன்னும் சின்னதாக. தேய்த்தார். இடது கை போனைக் கதவோடு ஒட்டிப் பிடித்திருந்தது, மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், டேப் ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது.