நூற்று நான்கு

2004 மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. பேகம்பூரில் நஜ்முன்னிசாம்மா வீட்டுக் கதவைத் தட்டியபோது என் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தூசி தட்டும் பிரஷும் மட்டுமே இருந்தன. கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் எனக்கு அது இரண்டாவது வருடம்.

அவர் மகள் மஹ்ஜபீன் காய்ச்சலில் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பரீட்சைக்காகப் பாடங்களைச் சத்தமாகப் படித்து அவள் பதிவு செய்திருந்த குரல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. போட்ட ஐந்தாவது நிமிடம் அது அணைந்துவிடுகிறதாம்.

“செழியன் தம்பி, அவ குரலை மட்டும் எடுத்துக் குடுத்துருப்பா.”

மூடியைக் கழற்றினேன். பிராசஸர் மேலிருந்த ஃபேன் தூசியில் இறுகிக் கிடந்தது.

“இம்புட்டு அழுக்கா! அவ பாத்தா என்னைய ஏசியே கொன்னுருவா” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

துடைத்து, ஆன் செய்து, சூடு காட்டும் பக்கத்தைத் திறந்தேன். நாற்பது டிகிரி. பக்கத்திலேயே ஃபாரன்ஹீட்டில் 104.

அவர் இரண்டாவது எண்ணைத்தான் பார்த்தார்.

“நூத்தி நாலா?”

“இது மனுசக் காய்ச்சல் இல்லம்மா. இது அறுபது டிகிரி வரைக்கும் தாங்கும். நாப்பதுன்னா ஒரு பயமும் இல்ல.”

எண் 100 ஆனது. பிறகு 98.

“பாருங்க, இறங்கிருச்சு.”

அவர் முகம் வெளிறியது. “அன்னைக்கும் இறங்குச்சு தம்பி. இறங்கிருச்சேன்னு செத்த நேரம் கண்ணசந்தேன். முழிச்சுத் தொட்டா…”

90.

84.

வெயில் ஏறிய அந்த அறையே நூறைத் தாண்டியிருக்கும். அறையைவிடக் குளிர வைக்க எந்த ஃபேனாலும் முடியாது. விரலால் ஃபேனைத் தடுத்து நிறுத்தினேன்.

79.

உலோகம் சில்லென்றிருந்தது.

நஜ்முன்னிசாம்மா கட்டிலிலிருந்த கம்பளியை இழுத்துவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் போர்த்தினார். இப்படி மூடினால் எல்லாம் வெந்துபோகும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஆனால் கம்பளியின் மறுமுனையைப் பிடித்துச் செருகிவிட்டேன்.

எண் நின்றது. மெல்ல ஏறியது. 90. 95. 98.

அவர் பெட்டியைக் கம்பளியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். “இந்தத் தடவ தூங்க மாட்டேன்டி” என்று அதனிடம் கிசுகிசுத்தார். “அம்மா இங்கனதான் இருக்கேன்.”

எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “அக்கா, ஒங்க வீட்டுலயும் கரண்ட் இல்லையா? அரை மணி நேரமாச்சு!”

அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி அசைவற்றுத் தொங்கியது.

திரையில் 98.

கம்பளிக்குள் ஏதோ புரண்டு படுத்தது.