படகு நிழலில் விழுந்த சீட்டு

கோவளத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் குப்பத்தில் சீட்டுக்கட்டு என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. பெட்டிக்கடையில் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். கல்யாணப் பந்தலில்கூட ஆண்கள் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்களே தவிர, சீட்டைத் தொடமாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு அப்படி.

அந்தக் கட்டுப்பாடு வந்ததே கவியாவின் அப்பா ஏசுபாதத்தால்தான்.

நல்ல மனுஷர். ஆனால் சீட்டு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முதலில் பொழுதுபோக்குக்கு ஆடினார். பிறகு வலையை வைத்து ஆடித் தோற்றார். கடைசியில் படகின் இன்ஜினையே வைத்து ஆடினார். அதுவும் போயிற்று. கடல் சரியில்லாத ஒரு நாள், இன்ஜின் இல்லாத படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். படகு மட்டும் நெம்மேலிப் பக்கம் கரை ஒதுங்கியது. அவர் வரவே இல்லை.

கவியாவின் அம்மா ஜெசிந்தா ஊர்க்கூட்டத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இனிமே இந்தக் கரையில ஒருத்தனும் சீட்டைத் தொடக்கூடாது" என்றாள். ஊர் ஒப்புக்கொண்டது. ஆண்கள் எப்போதும் படகு நிழலில் உட்கார்ந்துதான் ஆடுவார்கள். அதனால் ஒரு விதி வைத்தார்கள். எந்தப் படகு நிழலில் சீட்டு விழுகிறதோ, அந்தப் படகு அந்தப் பருவம் முழுக்கக் கடலுக்குப் போகக்கூடாது. படகுக்காரரே ஆட வருபவர்களைத் துரத்திவிடுவார் இல்லையா?

இதெல்லாம் நடந்தபோது கவியா ரொம்பச் சின்னவள். இப்போது ஐந்தாம் வகுப்பு.

அவள் வகுப்புக்குத் தமிழ்ச்செல்வி டீச்சர் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். குப்பத்துக் கட்டுப்பாடு அவருக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் சீட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ராஜா, ராணி படம் போட்ட சீட்டுகளை எடுத்துவிட்டு மீதியைக் கலைத்தார்.

"ரெண்டு சீட்டைத் திருப்புவேன். ரெண்டையும் பெருக்கி, யார் முதல்ல விடையைச் சொல்லி மேசையில அடிக்கிறாங்களோ, அந்தச் சீட்டு அவங்களுக்கு. சட்டுசட்டுன்னு ஆடணும்!"

முதல் தடவை கவியா சீட்டைப் பார்க்கவே பயந்தாள். அப்பா ஞாபகம் வந்தது. ஆனால் ஏழும் எட்டும் விழுந்தன. "அம்பத்தாறு!" என்று கத்தி மேசையில் ஒரு அடி அடித்தாள். அதோடு பயம் பறந்துவிட்டது. இது கணக்கு, அது வேறு என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவளுடைய தோழன் பிரவின்குமாருக்கோ வாய்ப்பாடு என்றால் வேப்பங்காய். அவன் யோசிப்பதற்குள் நாலு பேர் கத்திவிடுவார்கள். அப்புறம் சிரிப்பு வேறு. பாவம், கணக்குப் பாடம் வந்தாலே வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கிவிட்டான். பொறுக்கமாட்டாமல் கவியா டீச்சரிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் வைத்து ஆட முடியுமா? அம்மா பார்த்தால் தொலைந்தது. பிரவினின் அப்பா தர்மராஜின் படகு கரையில் நின்றது. அதன் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

"ஒம்போது, ஆறு!" என்று சீட்டைத் திருப்பினாள் கவியா.

"அம்பது... அம்பத்தி..."

"அம்பத்திநாலு!" மணலில் ஓங்கி அடித்துச் சீட்டை எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? நாக்கு நுனியிலதான் இருந்துச்சு."

"உன் நாக்கு ரொம்ப நீளம் போலகீது. நுனிக்கு வர்றதுக்குள்ள பொழுதே சாஞ்சிடும்."

பிரவின் சிரித்தான். ஆனால் அவன் கையில் ஒரு சீட்டுகூட இல்லை.

அப்போது மணலில் காலடிச் சத்தம் கேட்டது. வலை பழுது பார்க்கும் சின்னராசு, தோளில் வலையோடு நின்றார். மணலில் கிடந்த சிவப்பும் கறுப்புமான சீட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அடிப்பாவி! இன்னாடி இது? ஏசுபாதம் பொண்ணு கையிலயா இது?"

"மாமா, இது ஸ்கூல்ல..."

அவர் காதில் வாங்கவே இல்லை. சீட்டுகளை அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஜெசிந்தா கோவளத்தில் மீன் விற்றுவிட்டு வந்துகொண்டிருந்தாள். வழியிலேயே சேதி கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை. கவியாவின் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டாள்.

"இந்தச் சீட்டு உங்க நைனாவைத் தின்னது போதலையா? வூட்டுல மிச்சம் கீறது நீ ஒருத்திதாண்டி!"

கவியாவுக்கு அடியைவிட அந்தப் பேச்சுதான் வலித்தது. அதைவிடப் பெரிய வலி பின்னாலேயே வந்தது. பிரவின் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"கவியா, ஏலக்கொட்டகையில கூட்டம் போட்டுட்டாங்க. எங்க படகை நிறுத்தப்போறாங்க. நைனா ஐஸ்லாம் ஏத்தி வெச்சிட்டாரு. எங்கம்மா அழுதுகினு கீது."

ஒரு பருவம் முழுக்கப் படகு கரையில் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? தன்னால்தானே? டீச்சரைக் கூப்பிடலாம் என்றால் அவர் செங்கல்பட்டில் இருக்கிறார். திங்கட்கிழமைதான் வருவார். கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாடா" என்று பிரவினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. ஊர்த்தலைவர் கேசவன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் சீட்டுகள் கிடந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை.

"புள்ளைங்க ஆடினதுக்கு நான் இன்னா பண்ணுவேன் அண்ணாத்த? நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன்" என்று தர்மராஜ் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். உனக்கு விட்டா நாளைக்கு ஊரே ஆடும்" என்றார் கேசவன்.

"தலைவரே!" கவியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சீட்டைக் கொண்டாந்தது நான். தர்மராஜ் மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. இது பெருக்கல் கணக்கு. பிரவினுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் கொண்டாந்தேன்."

சின்னராசு எழுந்தார். "கணக்கா? நான் கண்ணால பாத்தேன். ஜெயிச்சவ சீட்டை வாரிக்கினா. தோத்தவன் வெறுங்கையா குந்திகினு இருந்தான். உங்கப்பன் ஆடினதும் இப்படித்தாண்டி."

கவியாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த பிரவினை அவளும்தானே பார்த்தாள்? சொல்லிக் கொடுக்கிறேன் என்று போனவள், ஜெயிக்கிற ஆசையில் அதை மறந்தே போனாள். வெட்கமாக இருந்தது.

"ஆமா மாமா" என்றாள் மெல்ல. "அது தப்புதான். மாத்தி ஆடுறோம். யாரும் யார்கிட்டயும் எடுத்துக்க வேணாம். நீங்களும் வாங்க."

"நானா? என்னைச் சீட்டாடக் கூப்பிடுறியா?"

"நீங்க சீட்டைத் தொட வேணாம். வலை பின்னுங்க, போதும். நான் ரெண்டு சீட்டைத் திருப்புவேன். நீங்க ஒரு முடிச்சுப் போட்டு முடிக்கிறதுக்குள்ள பிரவின் விடை சொல்லணும். சொல்லிட்டா சீட்டு நடுவுல போவும். சொல்லலைன்னா நான் விடை சொல்லிட்டுச் சீட்டை அடியில சொருவிடுவேன். மறுபடி வரும்."

கேசவன் தாடையைச் சொறிந்தார். "ஒரு தபா பாத்துடலாம். ஆடுங்க."

சின்னராசு முணுமுணுத்துக்கொண்டே வலை ஊசியை எடுத்தார். கவியா சீட்டைத் திருப்பினாள். எட்டும் ஆறும்.

பிரவின் விழித்தான். முடிச்சு விழுந்துவிட்டது.

"நாப்பத்தெட்டு" என்றாள் கவியா. "பரவால்ல. அடுத்தது."

நான்கும் ஒன்பதும். "முப்பத்தாறு!" என்றான் பிரவின். முடிச்சு பாதியில் நின்றது. அடுத்ததற்கும் சொன்னான். அதற்கடுத்ததற்கும் சொன்னான். கூடவே கத்த யாரும் இல்லை, சிரிக்க யாரும் இல்லை. வலை ஊசி ஒன்றுதான் எதிரி.

சின்னராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேகமாகக் கையை ஓட்டினார். வேகம் கூடக்கூட நூல் சிக்கியது. இழுத்தார், இன்னும் சிக்கியது.

"இன்னா சின்னராசு, மீனைப் புடிக்கச் சொன்னா விரலைப் புடிச்சிகினு கீறியே!" என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது.

ஒன்பதும் ஏழும் விழுந்தன. பின்னாலிருந்து ஒருவர் "அறுவத்திரண்டு" என்றார்.

"அறுவத்திமூணு!" என்று பிரவின் திரும்பிப் பார்த்துக் கத்தினான். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

கேசவனும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டு வாங்கினது ஜெசிந்தா. படகு போலாமா வேணாமான்னு அவதான் சொல்லணும்."

எல்லாரும் திரும்பினார்கள். ஜெசிந்தா கொட்டகைத் தூண் ஓரம் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. மெல்ல நடந்து வந்தாள். கவியா அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெசிந்தா பிரவினிடம்தான் கேட்டாள். "தோத்தா நீ இன்னா குடுக்கணும்?"

"ஒண்ணும் குடுக்க வேணாம் அத்தே. எனக்குத் தெரியலைன்னா கவியா சொல்லிக் குடுப்பா."

ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டு உரக்கவே சொன்னாள்.

"அந்த மனுசனுக்கும் தெரியாமத்தான் தோத்துகினே இருந்தாரு. போதும் எழுந்து போன்னு ஒருத்தர்கூட சொல்லிக் குடுக்கல. இன்ஜினைத்தான் தூக்கிகினு போனாங்க."

அன்றைக்கு ஏசுபாதத்தோடு ஆடிய இரண்டு பேர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நிமிரவில்லை.

"படகு போவட்டும்" என்றாள் ஜெசிந்தா. "பெரியவங்களுக்குக் கட்டுப்பாடு அப்படியே இருக்கட்டும். புள்ளைங்க இங்க, எல்லாரும் பாக்குற எடத்துல ஆடட்டும். யாரும் யார்கிட்டயும் எதையும் புடுங்கக் கூடாது."

தர்மராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குமேல் அங்கே நிற்காமல் படகைப் பார்க்க ஓடினார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு படகு திரும்பி வந்தது. மீன் அதிகம் இல்லை. ஆனாலும் தர்மராஜ் ஒரு சங்கரா மீனை எடுத்துக் கவியாவின் கையில் வைத்தார்.

"பிரவினுக்குச் சொல்லிக் குடுத்ததுக்கா மாமா?"

"இல்லடி. அத்தினி பேர் முன்னால வந்து உண்மையைச் சொன்னியே, அதுக்கு."

அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டே ஜெசிந்தா மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதாடி?"

"சாப்புட்டாதான் தெரியும்" என்றாள் கவியா. இரண்டு தட்டு சாப்பிட்ட பிறகும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கையை நீட்டினாள்.