இடுப்பளவுத் தண்ணீர்

தொபீர்!

அவள் கண்ணைத் திறந்தபோது, நீச்சல் குளத்து லைஃப்கார்டு சட்டை, செருப்பு, செல்போன் சகிதம் குதித்து அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். வேலையில் சேர்ந்த பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் உயிர்.

"பயப்படாதீங்க! என்னைக் கெட்டியா புடிச்சுக்கோங்க!"

"எதுக்கு? நான் நின்னுக்கிட்டுதானே இருக்கேன்..."

குனிந்து பார்த்தான். தண்ணீர் இடுப்பளவு. கண்ணாடிக் கூரையில் மழை விழுந்து விழுந்து சிரித்தது.

"கண்ண மூடி, மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களா... பயந்துட்டேங்க."

"நானும் பயந்துதான் மூடியிருந்தேன்."

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். மழைக்கு முந்தைய வானத்திலிருந்து இரண்டு துளி எடுத்து வைத்தாற்போல... அவன் நன்றாக நீச்சல் தெரிந்தவன். இருந்தும் முழுகினான்.

செல்போன் செத்த துக்கத்தை மறந்து கதை கேட்டான். போர் துரத்த, நெரிசல் படகில் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவள். சித்தி வீட்டு சோபாதான் இப்போது படுக்கை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தையற்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் அது வேறொருத்திக்கு. போக இருப்பதோ படகு மட்டும். அந்தக் கடல் பயணத்துக்குப் பிறகு படகு என்றாலே பயம்.

"அதான்... தண்ணியோட ராசியாகிப் பாக்கலாம்னு வந்தேன்."

இங்கே அவன் வாயை மூடியிருக்கலாம். ஆண்குலத்துக்கு அந்த வழக்கம் இல்லை.

"ஐயோ பாவம்! நானே கத்துத் தரேன். அகதின்னு சொன்னா மேனேஜர் சலுகை தருவாரு!"

அவள் கண்களில் வானம் சட்டென்று இருண்டது.

"நான் டிக்கெட் வாங்கிட்டுத்தான் இறங்கினேன். பாவம் பாக்க வேற ஆளத் தேடுங்க."

ஈரக் காலடிகள் வாசல்வரை போயின. திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்று யாராவது நிஜமாகவே முழுகியிருந்தால், அவன் கவனித்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை. படகுத்துறையில் தூறல்.

"பயமா இருந்தா திரும்பி வந்துடுடீ," என்றாள் சித்தி போனில்.

"வர மாட்டேன் சித்தி."

ஏறுபலகை ஆடியது. அந்த இருட்டு, உப்பு, குழந்தைகளின் அழுகை எல்லாம் ஒரே அலையாக வந்தன. ஊசியில் நூல் கோக்கும்போது செய்வதுபோல் மூச்சை நிறுத்தி, பார்வையை ஒரே புள்ளியில் வைத்தாள். ஒரு கால்... இன்னொரு கால்... ஏறிவிட்டாள்!

உள்ளே மூலை பெஞ்சில் அவன். முகம் வெளுத்து, மடியில் ஒரு காகிதப் பை.

"நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

"மன்னிப்பு கேக்க... ஒரு நிமிஷம்..." முகம் பைக்குள் போனது.

"படகு ஒத்துக்காதா? குளத்துலயே குடியிருக்கற ஆளு!"

"குளம் ஆடாதுங்க!"

அவள் சிரித்தாள். இந்த நாட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"தூரமா அந்தக் கரையையே பாருங்க. சரியாயிடும்."

அவன் அவளைப் பார்த்தான்.

"கரையைன்னு சொன்னேன்..."

"அங்க பாத்தா குமட்டுதுங்க. இங்க பாத்தா இல்ல." பையை மடித்து ஓரமாக வைத்தான். "அன்னிக்குப் பாவம் பாக்கல. பிடிச்சுப்போச்சு... அதைச் சொல்லத் தெரியாம ஏதோ உளறிட்டேன்."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடு ஆறு. எப்போது கிளம்பியது இந்தப் படகு?

"நாளைக்கும் வருவீங்களா?"

"தினமும் இப்படியேதான் இருப்பேன். பரவாயில்லையா?"

"பக்கத்துல ஒருத்தர் என்னைவிடத் திண்டாடினா, எனக்குத் தைரியமா இருக்கு." குரல் தாழ்ந்தது. "எனக்கும்... பிடிச்சிருக்கு."