சிதறுபேழையில் முதல் பெயர்

காலை ஆறு மணிக்குச் செந்நகரில் எல்லாரும் சில நொடிகள் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள். செவ்வாய்க் கோளின் அந்தக் குடியிருப்பில் ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் ஒரு மூச்சுச்சிமிழ் உண்டு. முற்றத்துச் சுவர் பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்ட, அவரவர் சிமிழில் அன்றைய காற்று நிரம்பும். முதல் பெயர் எப்போதும் தலைவர் மாசிலாமணியுடையது. அங்கே முதலில் வந்து இறங்கியவர் அவர். அதை அவர் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை.

கணினியில் பெயர்ப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் நிரலர் அஞ்சுகத்துக்கு அந்த வரிசையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பெயர்கள் இருந்தது, வந்து இறங்கிய வரிசைப்படி அடுக்கிவைக்கும் வரிசைப்பேழை என்ற கணினிப் பெட்டகத்தில். பகலில் யாருக்காவது காற்று குறைந்தால், 'இவர் அவருக்கு முன்னா, பின்னா' என்று கேட்டுக் கேட்டு அது ஆளைக் கண்டுபிடிக்க ஏழு நொடி ஆகும். அவள் மகள் செவ்வந்தியின் பழுதான சிமிழ் ஐந்து நொடிதான் தாங்கும். போன மாதம் மட்டும் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள்.

இதற்கு மாற்று சிதறுபேழை. பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டால், பேழைக்குள் அந்தப் பெயர் இருக்கும் அறையின் எண் வந்துவிடும். நேரே போய்க் கதவைத் திறக்கலாம். ஆனால் அங்கே யாருக்கு முன் யார் என்ற பேச்சே கிடையாது.

"ஒரு வாரம் ஓட்டிப் பாரும்மா," என்றார் மாசிலாமணி, அரை மனதாக. "கையெழுத்தெல்லாம் அப்புறம்."

முதல் நாள் சுவரில் முதலில் வந்தது கழிவுநீர்ப் பிரிவு செங்கேணியின் பெயர். தலைவர் நானூற்றுப் பதினெட்டாவது. மறுநாளும் அதேதான். செங்கேணியின் மகளைப் பெண் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நான்காம் நாள் வகுப்பில் செவ்வந்திக்குக் காற்று குறைந்தது; அரை நொடியில் நிரம்பிவிட்டது. பிள்ளை எழுதிக்கொண்டிருந்த பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லையாம். அதைக் கேட்டு அஞ்சுகம் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

வாரக் கடைசியில் தலைவர் அழைத்தார். "வேகமெல்லாம் சரிதான். ஆனா எதுக்கும் ஒரு மரியாதைன்னு இருக்குல்ல? நாளைக் காலையில சுவர் ஓடி முடிஞ்சதும் பழையபடி மாத்திடு."

"ஐயா, எம் பொண்ணு..."

"பூமியிலேர்ந்து புதுச் சிமிழ் வரும்ல."

"அதுக்கு ரெண்டு வருஷம் ஆகுங்கய்யா."

அவர் வேறு கோப்பைப் பிரித்துக்கொண்டார்.

அன்று மாலை மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறந்தது. அதன் பெயரைச் சேர்த்ததும் பேழையின் அறைகள் நிறைந்துவிட்டன. அப்படி நிறைந்தால் சிதறுபேழை தன்னை இரு மடங்காக்கிக்கொண்டு, எல்லாருக்கும் புதிதாகக் கணக்குப் போட்டு வேறு அறைகளில் குடியேற்றிவிடும். காலையில் சுவரில் முதலில் மின்னிய பெயர் மாசிலாமணி.

அஞ்சுகம் விழுந்தடித்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினாள். "ஐயா, அது தற்செயலா..."

அவர் கையெழுத்திட்ட அனுமதித் தாளை நீட்டினார். "எனக்குப் புரியாதாம்மா? குறிப்பறிஞ்சு செஞ்சுட்டே. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். பேழை அப்படியே இருக்கட்டும்."

செந்நகரிலேயே சிபாரிசு செல்லாத ஒரே இடம் அதுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. செவ்வந்தியை நினைத்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா," என்றாள். தாளை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வாசல்வரை போனவளைத் தலைவர் தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"அப்படியே நாளைக்கு ரெண்டாவதா என் மச்சான் பேரைப் போட்டுடும்மா."