ஈ உட்காராத பிள்ளை

ஈக்கள் எல்லோர் மேலும் உட்கார்ந்தன, லுல்வா மேல் மட்டும் உட்காரவில்லை. பாலைவனக் கூடாரத்துக்கு வந்த முதல் மதியமே ஹெஸ்ஸா இதைக் கவனித்துவிட்டாள். பேரீச்சம்பழத் தட்டில், தேநீர்க் குவளையின் விளிம்பில், கணவன் மிஷாரியின் மூக்கில், அவளுடைய மணிக்கட்டில், எங்கும் ஈ. ஐந்து வயது மகளின் வாயோரம் ஒழுகிய மாம்பழச் சாற்றை மட்டும் எதுவும் சீண்டவில்லை.

"உம் லுல்வா, உன் மக சானிடைசர்லயே வளந்தவ. ஈக்கே பயம்!" என்று சிரித்தான் மிஷாரி. லுல்வாவின் அம்மா என்பதால் ஹெஸ்ஸாவை அவன் 'உம் லுல்வா' என்றுதான் கூப்பிடுவான்.

அவளுக்குச் சுருக்கென்றது. குவைத்தில் பதினான்காம் மாடி வீடு, ஏசி கார், ஏசி பள்ளி. மண்ணைத் தொடப்போன கையைத் தட்டிவிட்டவள் அவள்தான். பிள்ளைக்கு மண் பழகட்டும் என்று அடம்பிடித்து இந்தக் குளிர்கால முகாமுக்கு வந்தவளும் அவள்தான். வந்ததும் மனம் வராமல், மணல் தெரியாதபடி பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்துவிட்டாள்.

"செருப்பைக் கழட்டுடி. மணல்ல போய் வெளையாடு."

"எதுக்கு யும்மா? அழுக்குன்னு சொல்லுவியே?"

"பரவால்ல, போ."

போனாள். நேற்றைய மழையில் நனைந்த மணலின் வாசனையையும் விறகுப் புகையையும் அள்ளிக்கொண்டு வந்த காற்று, கூடாரத் துணியைப் படபடவென்று அடித்து, ஹெஸ்ஸாவின் அங்கியைப் பிடித்து இழுத்து, சாம்பலை அவள் கண்ணில் தூவியது. லுல்வாவின் முடி அசையவில்லை.

ஹெஸ்ஸா புல்லின் விளிம்புக்குப் போய்க் குனிந்தாள். ஈர மணலில் ஒரு வண்டு ஊர்ந்த கோடுகூடத் தெளிவாக இருந்தது. மகளின் கால்தடம் ஒன்றுகூட இல்லை.

மேட்டிலிருந்து ஆட்டுமந்தை இறங்கியது. கூடாரத்தின் முளைக்குச்சியைக் கண்டு விலகியது. காலி டப்பாவைக் கண்டு விலகியது. லுல்வாவுக்கு விலகவில்லை. அவளுக்குள் புகுந்து போனது.

"யும்மா, இதுங்களுக்கு என்னைத் தெரியலையா?"

ஹெஸ்ஸா ஓடினாள். வாரி எடுத்தாள். உடம்பு சூடாக இருந்தது. கனம் இல்லை. திரும்பி ஓடினாள். கீழே பார்த்தாள். தான் போன தடங்கள் ஆழமாக இருந்தன. வந்த தடங்கள் இல்லை.

பழத்தட்டின் மேல் ஈக்கள் மொய்த்தன. சாறு ஒட்டிய மகளின் கையைப் பிடித்து அவற்றின் நடுவே நீட்டினாள்.

"ஒன்னே ஒன்னு," என்று கெஞ்சினாள். "ஒன்னு உக்காரு."

ஈக்கள் எழுந்தன. மகளின் கையின் ஊடாக, அதைப் பிடித்திருந்த ஹெஸ்ஸாவின் கையின் ஊடாகவும் இறங்கி, பழத்தில் உட்கார்ந்தன.