வெற்றுச் சுவரின் சுமை

வெற்றுச் சுவரைப் பார்க்கும்போது எண் இறங்கக் கூடாது. இறங்கியது.

ஃப்ரேம்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அறுபதில் நிற்க வேண்டிய பச்சை எண், திரையின் மூலையில் நாற்பத்தொன்றில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் அவரையே பார்த்தது.

ஃப்ரேம்காரர் என்றால் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் என்று தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். செத்துப்போன மாமனாரின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பொன்னிற விளிம்பு வேண்டும் என்று அடம்பிடித்தவர்கூட உண்டு. அவர் வேலை வேறு. காலாவதியான மேசைக் கணினிகளை வரவழைத்து, அவற்றில் கிராபிக்ஸ் கார்டுகளை மாற்றி மாற்றிச் செருகி, எந்தக் கார்டு ஒரு நொடிக்கு எத்தனை படம், அதாவது எத்தனை ஃப்ரேம், வரைகிறது என்று அளந்து சொல்வது. திரை மூலையில் இருந்த பச்சை எண் அந்த அளவுதான். பழைய கணினி சேர்க்கும் பைத்தியங்கள் உலகெங்கும் உண்டு. ஒரு பைத்தியத்தின் பேச்சை இன்னொரு பைத்தியம்தான் நம்பும் என்பதால் அவருக்குத் தொழில் நடந்தது.

அந்தத் தொழிலின் கணக்கு எளிது. எதிரே நிறையப் பொருள் இருந்தால் கார்டுக்குச் சுமை, எண் இறங்கும். பொருள் கிட்டே வந்து திரையை அடைத்தால் இன்னும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கார்டு சட்டையே செய்யாது. பார்க்காதது இல்லாதது. பழைய கார்டுகளுக்கு ஒரு மந்தபுத்தியும் உண்டு: சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பதை முதலில் பாடுபட்டு வரைந்து முடித்துவிட்டு, அப்புறம் அதன்மேலேயே சுவரைப் பூசும். ஆகவே வெறும் சுவர் கனத்தால், பின்னால் ஏதோ இருக்கிறது.

திரையில் இருந்தது ஒரு வீடு. ஒரு கூடம், ஒரு கதவு, ஒரு சுவர், சுவருக்கு அப்பால் ஓர் அறை. மவுஸைத் தள்ளி அவர் கதவு வழியாக உள்ளே போய்ப் பார்த்தார். ஒரு கட்டில். வேறொன்றும் இல்லை. எண் அறுபது. திரும்பிக் கூடத்துக்கு வந்து சுவரைப் பார்த்தார். முப்பத்துமூன்று.

வெளியே மழை கட்டிக்கொண்டு மதியத்தையே சாயங்காலமாக்கியிருந்தது. கணினியின் சின்ன விசிறி சூடான தூசியையும் பழைய ஈய வாசனையையும் அவர் முழங்கால்மேல் ஊதிக்கொண்டிருக்க, தலைக்கு மேல் மின்விசிறி ஒரே சீராக முனக, பக்கத்து அறையிலிருந்து மனைவியின் குறட்டை மெல்லிய விசில்போலச் சுவர் தாண்டி வந்தது. அவள் நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் அவர் வேலை செய்தார். அது நின்றால் அவருக்குக் கை ஓடாது.

குரலைத் தாழ்த்தி மச்சானுக்குப் போன் போட்டார். மூடுகிற ஆபீஸ்களைக் காலிசெய்து பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து தருகிறவன் மனைவியின் தம்பிதான்.

"மச்சான், இந்தப் பெட்டிய எங்க எடுத்த?"

"வீடு கட்டுற கம்பெனி மாமா. கட்டுறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல வீட்டுக்குள்ள நடந்து பாக்கலாம்ல, அந்த மாதிரி. ஏன், புகையுதா?"

"புகைஞ்சாத்தான் பரவால்லயே. செவுரு கனக்குது."

"செவுரு கனக்காம பஞ்சாவா இருக்கும்? அக்கா தூங்குதா?"

"தூங்குறா. மெதுவாப் பேசு."

"நீங்கதான் மாமா கத்துறீங்க." மச்சான் சிரித்தான். அப்புறம் ஞாபகம் வந்தவன்போல, "அங்க கடைசியா ஒரே ஒருத்தர்தான் இருந்தாராம். எப்பவும் முதுகச் செவுத்துல ஒட்டிக்கிட்டுத்தான் உக்காருவாராம். வாயு புடிச்சிருக்கும்னு விட்டுட்டாங்க" என்றான்.

ஃப்ரேம்காரர் கார்டை மாற்றினார். முன்னதைவிட இரு மடங்கு பலசாலி. எண் ஏற வேண்டும். இருபத்துநான்கு. அலமாரியில் இருந்ததிலேயே பெரிய கார்டை, செங்கல் கனம் கனக்கும் அதை, இரு கையாலும் பிடித்துச் செருகினார். பதினொன்று.

கார்டு இளைக்கவில்லை. சுவருக்குப் பின்னால் இருப்பது கிட்டே வந்துகொண்டிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் சுவிட்சைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவருக்கோ உறுத்தியது பயமில்லை, எண். கோணலான எண்ணை வைத்துக்கொண்டு அவரால் சோறு தின்ன முடியாது. சுவர்தானே தகராறு, சுவரை எடுத்துவிடுவோம் என்று, அந்தக் காட்சிக்குள் புகுந்து சுவரை மட்டும் அழித்தார்.

திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு கூடமும் அறையும் ஒன்றாகத் தெரிந்தன. கட்டில். வேறொன்றும் இல்லை. எண் விறுவிறுவென்று ஏறி அறுபதில் நின்றது.

"அப்படி வா வழிக்கு" என்று தொடையில் தட்டிக்கொண்டார். எண் ஏறினால் சந்தோஷப்படுவது தொழில்புத்தி. அவிழ்ந்த மாடு எங்கே போயிற்று என்று கேட்காமல், கட்டுத்தறி சுத்தமாயிற்று என்று மகிழ்ந்தவர் கதைதான்.

முதலில் மாறியது முனகல். சீராக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் இடையிடையே பல்லுடைந்த சீப்புபோல விட்டு விட்டு வந்தது. அண்ணாந்து பார்த்தார். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்று. அப்புறம் ஒன்று. நடுவில் சுழற்சி இல்லை.

கரண்டு குறைவு என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மழைத் துளி விழ ஆரம்பித்திருந்தது, வழவழவென்று, ஒழுங்காக. விசிறியும் ஒழுங்காக முனகியது.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். மனைவி தூங்கும் அறையின் சுவர் பக்கம். வெள்ளையடித்த, ஆணிகூட அடிக்காத சுவர்.

முனகல் உடைந்தது. நெற்றியைத் துடைக்கத் தூக்கிய தன் கை, மடியிலிருந்து நெற்றிக்கு மூன்றே தாவலில் வந்தது.

ஃப்ரேம் குறைகிறது. எதிரே வெறும் சுவர். அதன் பின்னால் அவள்.

சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்காதது இல்லாதது. பார்க்காவிட்டால் அதை யாரும் வரையப்போவதில்லை. எல்லாம் சீரானது. மழை, விசிறி, தன் மூச்சு.

விசில் இல்லை.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறட்டை இல்லை. புரண்டு படுக்கும் கட்டில் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு வீடே இல்லாததுபோல அவ்வளவு சுத்தமான மௌனம்.

சுவரைப் பார்த்தார். விசில் வந்தது. துண்டு துண்டாக. வந்தது. நின்றது. வந்தது.

பார்த்தால் அது இருக்கும். பார்க்காவிட்டால் அவள் இருக்கமாட்டாள்.

"ஏம்மா" என்று கூப்பிட்டார், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எந்திரி. இங்க வந்துடு. சீக்கிரம்."

"என்ன... ங்க... மணி என்... ன..."

"ஒண்ணுமில்ல. வா. திரும்பிப் பாக்காத."

"டூட்டிக்கு நே... ர... மாச்... சா? தண்... ணி குடிச்... சிட்டு..."

கட்டில் முனகியது. கால்கள் தரையில். ஒரு காலடி. நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு காலடி. கண் எரிந்தது. இமைக்கவில்லை. இமைத்தால் அந்த ஒரு கணம் அவள் எங்கே போவாள்?

அந்தச் சுவரை ஒட்டிய வாசலில் வந்து நின்றாள். கலைந்த தலை, கன்னத்தில் தலையணை மடிப்பு, கையில் தம்ளர்.

"ஏன் அப்... படிப் பாக்... கு..."

உதடு திறந்தபடி நின்றுவிட்டது. தூக்கிய கால் தரைக்கு வரவில்லை. சாய்ந்த தம்ளரிலிருந்து கிளம்பிய தண்ணீர் அந்தரத்தில் கண்ணாடி நாக்காகத் தொங்கியது. விசிறியின் ஓர் இறக்கை. ஜன்னலுக்கு வெளியே பாதியில் நின்ற மழை. எழுந்திருக்க நினைத்தார். நினைப்பு மட்டும் எழுந்தது. கண்ணை மூட நினைத்தார். இமை வரவில்லை.

அவ்வளவும் நின்றிருந்தது.

அவள் தோளுக்குப் பின்னால், வாசலின் மேல்கட்டைக்கும் உயரத்திலிருந்து, ஒரு கை மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல், வழவழவென்று, இறங்கி வந்துகொண்டிருந்தது.